கனடாவில் அகதிக் கோரிக்கை ஏற்கப்பட்டபின் பி.ஆர் விண்ணப்பத்தில் யார் யாரைச் சேர்க்கலாம்?

பனங்கூடல் (கேள்வி)

வணக்கம் உறவுகளே.

ரொறொன்ரோவில் இருக்கும் ஒருவரின் அகதிக் கோரிக்கை ஏற்கப்பட்டுவிட்டது. அவருடைய நிரந்தர வதிவிட (பி.ஆர்) விண்ணப்பத்துக்குப் பத்திரங்கள் சேர்த்துக் கொடுக்கிறேன். காசுக்குச் செய்யும் வேலையில்லை, தொண்டுதான். படிவத்தில் குடும்பத்தவர் பகுதிக்கு வந்ததும் கை நின்றுவிட்டது.

கோரிக்கை போட்டது 2021 மே மாதம். மனைவி, மகள், மகன் மூவரும் வவுனியாவில். அப்போது மகளுக்கு 20 வயது, இப்போது 22ஐத் தாண்டிவிட்டது. மகனுக்கு 15. மகளுக்கு ஒரு சம்பந்தம் பொருந்தி வந்திருக்கிறது. எழுத்தை (விவாகப் பதிவை) இப்போது முடித்துவிட்டு, தாலி கட்டைப் பிறகு வைப்போம் என்று வீட்டில் பேச்சு.

தாலி கட்டியது 1999இல், விவாகப் பதிவு 2004இல். பி.ஓ.சி படிவத்தில் (அகதிக் கோரிக்கையின் அடிப்படைப் படிவம்) 1999 என்று எழுதியிருக்கிறது. கையில் இருக்கும் அத்தாட்சிப்பத்திரத்தில் 2004.

அவருடைய தாயார் ஊரில் தனியாக இருக்கிறார். தம்பி அமெரிக்காவில் நிற்கிறார், எல்லையால் வந்து கோரிக்கை வைக்கலாமா என்று கேட்கிறார்.

கடைசியாக, இவர் தானே ஒருமுறை ஊருக்குப் போய் மனைவி பிள்ளைகளைப் பார்த்துவிட்டு வரலாமா என்றும் கேட்கிறார்.

ஒவ்வொருவர் ஒவ்வொன்று சொல்கிறார்கள். எது சரி?

---

நெடுந்தீவான்

ஒவ்வொருவர் ஒவ்வொன்று சொல்வதற்குக் காரணம், கனடாவின் குடிவரவுச் சட்டத்தில் "குடும்பம்" என்ற சொல்லுக்கு ஒரே பொருள் இல்லை. எந்த வாசலில் நிற்கிறீர்கள் என்பதைப் பொறுத்துப் பட்டியல் மாறும். ஒரு வாசலின் பட்டியலை இன்னொரு வாசலில் நீட்டும்போதுதான் குழப்பம் வருகிறது.

நீங்கள் நிற்பது பி.ஆர் விண்ணப்ப வாசல். இங்கே பட்டியல் மிகவும் குறுகலானது: கணவன் அல்லது மனைவி, அல்லது ஒரு வருடமாவது சேர்ந்து வாழ்ந்த துணை. விண்ணப்பிப்பவரின் தங்கிவாழும் பிள்ளைகள், துணையின் தங்கிவாழும் பிள்ளைகள். அந்தப் பிள்ளைக்குத் தங்கிவாழும் பிள்ளை இருந்தால் அதுவும். அவ்வளவுதான். தாய், தகப்பன், சகோதரம் யாரும் இதில் இல்லை. தாயாருக்கு வேறு வழிகள்தான் பார்க்கவேண்டும்: பெற்றோர் ஸ்பொன்சர் அல்லது சுப்பர் விசா (பெற்றோர் வந்து நீண்டகாலம் தங்கிப்போகும் விசா). இரண்டுக்கும் வருமானம் காட்டவேண்டும், ஆகவே அது பிறகு பார்க்கும் விடயம்.

இதே குறுகல் தலைகீழாகவும் கடிக்கும். 18 வயதுக்குக் குறைந்த பிள்ளை தனியே வந்து பாதுகாப்புப் பெற்றால், அந்தப் பிள்ளையின் விண்ணப்பத்தில் தாய் தகப்பனைச் சேர்க்கமுடியாது. மனிதாபிமான அடிப்படையில், குடிவரவுச் சட்டத்தின் 25ஆம் பிரிவின் கீழ் கேட்பதைத் தவிர நேர்வழி இல்லை. இந்தச் சட்டத்தில் மிகக் கொடுமையான ஓட்டை இதுதான் என்பது என் கருத்து.

மகள் விடயம். தங்கிவாழும் பிள்ளை என்றால் 22 வயதுக்குக் குறைந்தவர், கணவனோ துணையோ இல்லாதவர். 2014 ஓகஸ்டிலிருந்து இது 19க்குக் குறைவு என்று இருந்தது. 2017 ஒக்டோபர் 24 முதல் மறுபடி 22 ஆகிவிட்டது. பழைய பதிவுகளைப் பார்த்து 19 என்று சொல்பவர்களை நம்பவேண்டாம். அதைவிட முக்கியம், வயதை எந்த நாளில் எடுப்பது என்பது. கனடாவுக்குள் கோரிக்கை வைத்துப் பாதுகாப்புப் பெற்றவரின் பிள்ளைக்கு, அகதிக் கோரிக்கை போட்ட நாளில் என்ன வயதோ அதுதான் வயது. தீர்ப்பு வந்த நாளும் கணக்கில்லை, பி.ஆர் போடும் நாளும் கணக்கில்லை. 2021 மே மாதத்தில் 20 என்றால் இன்றைக்கும் அவர் 20தான். சேர்க்கலாம்.

ஆனால் நிறுத்திவைப்பது வயதை மட்டும். திருமண நிலையை யாரும் நிறுத்திவைப்பதில்லை. விண்ணப்பம் போடும் நாளிலும், அதில் முடிவெடுக்கும் நாளிலும், விசாவோடு வந்து இறங்கும் நாளிலும் மகள் திருமணமாகாதவராக இருக்கவேண்டும். எங்கள் ஆட்களுக்குத் தாலி கட்டுத்தான் கல்யாணம், எழுத்து வெறும் பதிவு. சட்டத்துக்கு எழுத்தும் கல்யாணம்தான். பதிவாளர் முன் கையெழுத்து வைத்த நிமிடமே மகள் இந்த விண்ணப்பத்திலிருந்து விழுந்துவிடுவார். பிறகு தகப்பன் ஸ்பொன்சர் செய்யவும் முடியாது, ஏனென்றால் திருமணமான பிள்ளை குடும்ப வகுப்பிலும் (உறவினரை ஸ்பொன்சர் செய்து கூப்பிடும் வகை) தங்கிவாழும் பிள்ளை இல்லை. மாப்பிள்ளை வீட்டாரிடம் இதை வெளிப்படையாகச் சொல்லி எழுத்தைத் தள்ளிவைக்கச் சொல்லுங்கள். மகள் பி.ஆர் ஆகி வந்தபின் திருமணம் செய்து கணவனை அவரே ஸ்பொன்சர் செய்யலாம்.

---

ஓலைச்சுவடி

மொழிபெயர்ப்புப் பக்கத்தில் இருந்து சொல்கிறேன், பனங்கூடல்.

1999க்கும் 2004க்கும் இடையில் பொய் எதுவும் இல்லை. ஆனால் விளக்காமல் விட்டால் அது பொய் மாதிரித் தெரியும். பி.ஓ.சியில் ஒரு நாள், விண்ணப்பத்தில் ஒரு நாள், பத்திரத்தில் ஒரு நாள் என்று இருந்தால் அதிகாரி விளக்கக் கடிதம் கேட்பார், கோப்பு அப்படியே நின்றுவிடும். அதற்கு முன் நீங்களே கொடுத்துவிடுங்கள். திருமணத் திகதி கேட்கும் இடத்தில் அத்தாட்சிப்பத்திரத்தில் உள்ள 2004ஐப் போடுங்கள். கூடவே ஒரு பக்கக் கடிதம்: மரபு முறைப்படி தாலி கட்டியது இந்த நாள், இந்தக் கோவில், அன்றிலிருந்து ஒன்றாக வாழ்ந்தோம், பதிவு செய்தது இந்த நாள், பி.ஓ.சியில் எழுதியது தாலி கட்டிய நாள். சம்பிரதாயப் படங்கள், அழைப்பிதழ், இருவரும் ஒரே வீட்டு இலக்கத்தில் இருந்ததற்குக் கிராம சேவகர் தரும் அத்தாட்சி எல்லாம் பின்னால் வைக்கலாம்.

இன்னொன்றையும் பாருங்கள். மகளின் பிறப்பு அத்தாட்சிப்பத்திரத்தை எடுத்து "பெற்றோர் விவாகஞ் செய்தவர்களா?" என்ற கட்டத்தைப் பாருங்கள். மகள் பிறந்தது பதிவுக்கு முன். ஆகவே அங்கே "இல்லை" என்று இருக்க வாய்ப்பு அதிகம். மகனுடையதில் "ஆம்" என்று இருக்கும். ஒரே தாய் தகப்பனின் இரண்டு பிள்ளைகளுக்கு இரண்டு பதில். ஊரை அறியாத அதிகாரிக்கு இது பெரிய கேள்விக்குறி. மேலே சொன்ன கடிதத்திலேயே ஒரு வரி சேர்த்தால் முடிந்தது.

பெயர்கள்தான் அடுத்த தலையிடி. எங்களுக்குக் குடும்பப் பெயர் இல்லை, தகப்பன் பெயர் முன்னால் வரும். பிறப்புப் பத்திரத்தில் பிள்ளையின் பெயர் மட்டும், அடையாள அட்டையில் தகப்பன் பெயரோடு, கடவுச்சீட்டில் குடும்பப் பெயர் என்ற இடத்தில் தகப்பன் பெயர், பள்ளிக்கூடப் பத்திரத்தில் முதலெழுத்து. படிவத்தில் கடவுச்சீட்டில் உள்ளபடி எழுதுங்கள். "வேறு பெயர்கள்" கேட்கும் இடத்தில் மற்ற எழுத்து வடிவங்கள் அத்தனையையும் போடுங்கள். "சிவ" என்பது ஓரிடத்தில் எஸ்ஸிலும் இன்னோரிடத்தில் சியிலும் தொடங்கினாலும் அது வேறு பெயர்தான். மொழிபெயர்ப்பாளர் தன் விருப்பத்துக்குத் திருத்தி ஒரே மாதிரி ஆக்கக்கூடாது. மூலத்தில் பிழை இருந்தால் மொழிபெயர்ப்பிலும் அந்தப் பிழை இருக்கவேண்டும். திருத்துவது பதிவாளரின் வேலை.

மொழிபெயர்ப்பை விண்ணப்பதாரரோ குடும்பத்தவரோ செய்யக்கூடாது. ஆங்கிலமும் பிரெஞ்சும் நன்றாகத் தெரிந்த மருமகனாக இருந்தாலும் கூடாது. கனடாவில் சான்றுபெற்ற மொழிபெயர்ப்பாளர் செய்தால் அவரது முத்திரை போதும், மற்றவர் செய்தால் சத்தியக்கடதாசி வேண்டும். மூலத்தின் பிரதியைக் கட்டாயம் கூடவே வையுங்கள். பின்பக்கத்தில் எழுத்து இருந்தால் பின்பக்கமும்.

பிறப்புப் பத்திரத்தைப் பிரதேச செயலகத்தில் புதிதாக எடுக்கச் சொல்லுங்கள். பழைய கையெழுத்துப் பிரதியில் மை மங்கிப் பெயர் தெரியாமல் திரும்பி வந்த கோப்புகள் ஏராளம்.

---

பனங்கூடல்

நெடுந்தீவான் அண்ணை, ஓலைச்சுவடி அக்கா, இருவருக்கும் மிக்க நன்றி. எழுத்தைத் தள்ளிவைக்கச் சொல்லிவிட்டேன். "இல்லை" என்றுதான் இருக்கிறது, அக்கா சொன்னபடியே.

இன்னொரு விடயத்தை நேற்றுத்தான் அவர் வாய் திறந்து சொன்னார். மன்னாரில் வேறொரு பெண்ணிடம் அவருக்கு 11 வயதில் ஒரு மகள் இருக்கிறாள். பி.ஓ.சியில் எழுதவில்லை, விசாரணையிலும் சொல்லவில்லை. மனைவிக்குத் தெரியாது. அந்தப் பிள்ளையைக் கூப்பிடும் எண்ணமும் இப்போது இல்லை என்கிறார். கூப்பிடாத பிள்ளையை எழுதத்தான் வேண்டுமா?

---

தீவகம்47

எழுதத்தான் வேண்டும். முழு இழையிலும் இதைவிட முக்கியமான கேள்வி இல்லை, அதனால் கொஞ்சம் நீட்டிச் சொல்கிறேன்.

குடிவரவு ஒழுங்குவிதிகளில் 117ஆம் விதி, 9ஆம் உட்பிரிவு. பி.ஆர் ஆகும்போது ஒருவருக்கு இருந்த குடும்பத்தவர் யாராவது அறிவிக்கப்படாமல், பரிசோதிக்கப்படாமல் விடுபட்டால், அவரைப் பிறகு குடும்ப வகுப்பில் ஸ்பொன்சர் செய்யமுடியாது. ஐந்து வருடத்துக்கோ பத்து வருடத்துக்கோ அல்ல, எப்போதுமே. தெரிந்து மறைத்தாரா, பயத்தில் விட்டாரா, ஏஜென்சிக்காரன் எழுதவேண்டாம் என்றானா என்றெல்லாம் இந்த விதி பார்க்காது. 2005இல் டி குஸ்மான் வழக்கில் கூட்டாட்சி மேன்முறையீட்டு நீதிமன்றம் இந்த விதி செல்லும் என்று தீர்த்துவிட்டது.

இன்றைக்குக் கூப்பிடும் எண்ணம் இல்லை என்பது அவருடைய முடிவு. நாளைக்கு அந்தத் தாய்க்கு ஏதும் நடந்து பிள்ளை தனித்தால்? அந்தக் கதவை 11 வயதுப் பிள்ளைக்குத் தகப்பன் இன்றைக்கே பூட்டக்கூடாது.

படிவத்தில் குடும்பத்தவரை "உடன் வருபவர்", "உடன் வராதவர்" என்று பிரிக்க இடம் இருக்கிறது. மன்னார்ப் பிள்ளையை உடன் வராதவர் என்று போடலாம். பலர் தவறுவது இதற்குப் பிறகுதான்: உடன் வராவிட்டாலும் பரிசோதனை உண்டு. குறிக்கப்பட்ட மருத்துவரிடம் பிள்ளையை மருத்துவப் பரிசோதனைக்குக் கொண்டுபோக வேண்டும். பெயரை எழுதிவிட்டுப் பரிசோதனைக்கு அனுப்பாமல் விட்டால், எழுதாமல் விட்ட அதே நிலைதான். தாய் அனுப்ப மறுத்தால் சும்மா இருக்கவேண்டாம். கேட்டதற்கான கடிதம், வைபர் உரையாடல், பதில் வராததற்கான ஆதாரம் எல்லாவற்றையும் சேர்த்து அதிகாரிக்கு விளக்கம் எழுதவேண்டும்.

பிள்ளை பிறகு வருவதென்றால் தாயின் சம்மதம் எழுத்தில் வேண்டும். அதற்கு ஐ.எம்.எம் 5604 என்ற படிவம் இருக்கிறது, சத்தியம் செய்து தாய் கையெழுத்திட வேண்டும். (வேறு குடும்பங்களுக்காக ஒரு குறிப்பு: பெற்றோரில் ஒருவர் காணாமல் ஆக்கப்பட்டிருந்தால், மரணப் பத்திரம் எடுக்க மனம் ஒப்பாதவர்கள் காணப்படாமைச் சான்றிதழ் எடுக்கலாம். இலங்கையில் 2016 சட்டத் திருத்தத்துக்குப் பிறகு அது கொடுக்கப்படுகிறது. சம்மதக் கடிதத்துக்குப் பதிலாக அதையும் நிலைமையை விளக்கும் சத்தியக்கடதாசியையும் வைத்துப் பிள்ளைகளின் கோப்பை அனுப்பலாம்.)

இப்போது பி.ஓ.சியில் சொல்லாதது. விசாரணைக்கு முன் என்றால் சுலபம். மாற்றிய இடத்துக்குக் கீழ்க்கோடிட்டு, கையெழுத்தும் திகதியும் வைத்து, உறுதிமொழியோடு விசாரணைக்குப் பத்து நாளுக்கு முன் அகதிச் சபைக்கு (கோரிக்கையை விசாரித்துத் தீர்ப்புச் சொல்லும் சபை) போய்ச்சேர்ந்தால் போதும். இவருக்குத் தீர்ப்பு வந்துவிட்டது. பொய் சொல்லியோ மறைத்தோ பாதுகாப்புப் பெற்றால் அதை நீக்கக் கேட்க அமைச்சருக்குக் குடிவரவுச் சட்டத்தின் 109ஆம் பிரிவு அதிகாரம் கொடுக்கிறது. ஆனால் மறைத்தது கோரிக்கைக்குத் தொடர்பான முக்கியமான உண்மையாக இருக்கவேண்டும், அதை எடுத்துவிட்டாலும் மீதி ஆதாரம் போதும் என்றால் சபை நீக்காமல் விடலாம். இவருடைய அச்சத்துக்கான காரணத்தில் அந்தப் பெண்ணோ, மன்னாரில் இருந்த காலமோ வருகிறதா? "அந்த ஆண்டுகளில் கிளிநொச்சியிலேயே இருந்தேன்" என்று சொல்லியிருந்தால் பிள்ளையின் பிறப்புப் பத்திரம் அதற்கு முரணாக நிற்கும். அதைத் தொண்டராக நீங்கள் தீர்மானிக்கவேண்டாம், பனங்கூடல். பி.ஓ.சிப் பிரதியையும் தீர்ப்பையும் எடுத்துக்கொண்டு அகதி வழக்குச் செய்த சட்டத்தரணியிடம் போகச் சொல்லுங்கள், படிவத்தை அனுப்புவதற்கு முன்.

மனைவிக்குத் தெரியாது என்பது உண்மையான கஷ்டம். ஆனால் மனைவியும் அதே கோப்பில் இருக்கிறார். கோப்பு வழியாக அறிவதைவிடக் கணவன் வாயால் அறிவது நல்லது என்று அவரிடம் சொல்லுங்கள்.

முன்பே பி.ஆர் எடுத்து, ஒருவரை விட்டுவிட்டவர்கள் இதை வாசித்தால்: 2019 செப்டெம்பர் 9 முதல் ஒரு பொதுக்கொள்கை இருக்கிறது, பிறகு நீடிக்கப்பட்டது. பாதுகாப்புப் பெற்று பி.ஆர் ஆனவர்கள், மீள்குடியேற்ற அகதிகளாக வந்தவர்கள், துணையாகவோ பிள்ளையாகவோ ஸ்பொன்சரில் வந்தவர்கள் தாங்கள் அறிவிக்காமல் விட்ட துணையையோ பிள்ளையையோ அதன்கீழ் ஸ்பொன்சர் செய்யக் கேட்கலாம். அன்றைக்கு அறிவித்திருந்தாலும் இவருக்கு பி.ஆர் கிடைத்திருக்கும் என்ற நிலை இருக்கவேண்டும். முடிவுத் திகதி உள்ள கொள்கை, போடும் நாளில் நடைமுறையில் இருக்கிறதா என்று ஐ.ஆர்.சி.சி (கனடாக் குடிவரவுத் திணைக்களம்) தளத்தில் பார்த்துவிட்டே போடுங்கள். ஆனால் அது குடும்ப வகுப்பு ஸ்பொன்சர், ஆகவே வலதுகுறைந்தோர் உதவி தவிர்ந்த சமூக உதவிப்பணம் எடுப்பவர் போடமுடியாது. இப்போது பனங்கூடல் நிரப்பும் விண்ணப்பத்தில் அந்தத் தடை இல்லை. வருமானமும் கேட்கமாட்டார்கள். நிரந்தர வதிவிட உரிமைக் கட்டணமும் இல்லை, விண்ணப்பக் கட்டணமும் கைரேகைக் கட்டணமும் மட்டும். வருத்தக்காரப் பிள்ளை என்றால் மருத்துவச் செலவைக் காட்டி மறுக்கவும் முடியாது. இவ்வளவு வசதியான வாசலில் நிற்கும்போது ஒரு பெயரை விடுவது பெரிய இழப்பு.

---

ஓலைச்சுவடி

தீவகம் சொன்னதோடு ஒன்று. மன்னார்ப் பிள்ளையின் பிறப்புப் பத்திரத்தில் தகப்பன் பெயர் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். பெற்றோர் திருமணம் செய்யாத நிலையில் பிறப்பைத் தாய் தனியே பதிந்திருந்தால் தகப்பன் கட்டம் வெறுமையாக இருக்கக்கூடும். அப்படியானால் டி.என்.ஏ கேட்பார்கள்.

கேட்பார்கள் என்று ஊகித்து முன்கூட்டியே ஏதாவது ஒரு ஆய்வுகூடத்தில் செய்துவைக்கவேண்டாம், காசு வீண். ஐ.ஆர்.சி.சி கடிதம் அனுப்பும், அதில் சொன்னபடி கனடா தரநிர்ணய சபை அங்கீகரித்த ஆய்வுகூடத்தில்தான் செய்யவேண்டும். மாதிரி எடுக்கும்போது அடையாளம் சரிபார்க்க ஒருவர் நிற்பார். செலவு விண்ணப்பதாரருடையது. மனைவியின் பிள்ளைகளுக்கு மகளின் "இல்லை" கட்டத்துக்காக டி.என்.ஏ கேட்பது குறைவு, கடிதம் தெளிவாக இருந்தால்.

---

வன்னிமேடு

ஊருக்குப் போய்வருவது பற்றி யாரும் சொல்லவில்லை. போகவேண்டாம். பி.ஆர் கிடைத்த பிறகும் போகவேண்டாம், குடியுரிமை எடுக்கும்வரை.

குடிவரவுச் சட்டத்தின் 108ஆம் பிரிவு: தப்பி வந்த நாட்டின் பாதுகாப்பைத் தானாக மறுபடி பெற்றுக்கொண்டால் அகதிப் பாதுகாப்பு முடிந்துவிட்டது என்று சபை அறிவிக்கலாம். 2012 டிசெம்பருக்கு முன் இதனால் பாதுகாப்பு மட்டும் போகும், பி.ஆர் நிற்கும். அந்த மாதத் திருத்தத்தோடு பி.ஆரும் சேர்ந்தே போகும் என்றாகிவிட்டது. இலங்கைக் கடவுச்சீட்டைப் புதுப்பித்தாலே அதன் பாதுகாப்பை ஏற்றதாக ஊகிப்பார்கள், அதில் ஊருக்கும் போனால் ஊகம் இன்னும் கனக்கும். 2022இல் கலிண்டோ காமாயோ வழக்கில் மேன்முறையீட்டு நீதிமன்றம், அந்த ஆளுக்கு இதன் விளைவு தெரிந்திருந்ததா, ஏன் போனார், ஊரில் ஒளித்து இருந்தாரா, யாருக்குப் பயந்தார் என்றெல்லாம் சபை பார்க்கவேண்டும் என்றது. நல்ல தீர்ப்பு. ஆனால் இந்த இழையை வாசித்த பிறகு "தெரியாது" என்று சொல்ல இவருக்கு வழியில்லை.

பார்க்கவேண்டும் என்றால் மூன்றாம் நாட்டில் பார்க்கட்டும். கனடாவின் அகதிப் பயணப் பத்திரம் எடுத்து, இந்தியாவிலோ மலேசியாவிலோ, அந்த நாடு அந்தப் பத்திரத்துக்கு விசா கொடுத்தால். எந்த நாட்டுக்குப் பயந்து வந்தாரோ அந்த நாட்டுக்கு அந்தப் பத்திரம் செல்லாது. பி.ஆர் அட்டை கைக்கு வருமுன் வெளியே போனால் திரும்பி வரும் சிக்கலும் உண்டு, ஆகவே அதுவரை பொறுப்பது நல்லது.

மனைவிக்கும் பிள்ளைகளுக்கும் இந்தத் தடை இல்லை. அவர்கள் குடும்பத்தவராக பி.ஆர் ஆகிறார்கள், தாங்கள் அகதிப் பாதுகாப்புப் பெற்றவர்கள் இல்லை. இலங்கைக் கடவுச்சீட்டில் வரலாம், புதுப்பிக்கலாம். ஒரே ஒரு முடிச்சு: 15 வயது மகனுக்குக் கடவுச்சீட்டு எடுக்கத் தகப்பனின் சம்மதம் கேட்பார்கள். வெளிநாட்டில் இருக்கும் தகப்பன் தூதரகத்தில் உறுதிப்படுத்தித் தரச் சொல்வார்கள். அதற்காக இலங்கைத் தூதரகப் படியேறுமுன் சட்டத்தரணியிடம் கேட்டுவிட்டுப் போகச் சொல்லுங்கள்.

---

நெடுந்தீவான்

தம்பி விடயம் மிச்சம் இருக்கிறது.

பாதுகாப்பான மூன்றாம் நாட்டு உடன்படிக்கை (அமெரிக்காவால் வருபவர் அங்கேயே கோரிக்கை வைக்கவேண்டும் என்று கனடாவும் அமெரிக்காவும் செய்தது) 2023 மார்ச் 25 முதல் முழுத் தரை எல்லைக்கும் பொருந்தும். சோதனைச்சாவடி இல்லாத இடத்தால் வந்து 14 நாளுக்குள் கோரிக்கை வைத்தாலும் பொருந்தும். ஆனால் கனடாவில் குடும்பத்தவர் இருந்தால் விதிவிலக்கு உண்டு. இந்த வாசலில் குடும்பம் விரிந்தது: துணை, பிள்ளை, தாய், தகப்பன், சட்டப் பாதுகாவலர், சகோதரம், பேரன் பேத்தி, அம்மப்பா அம்மம்மா அப்பப்பா அப்பம்மா, மாமா மாமி சித்தப்பா சித்தி பெரியப்பா பெரியம்மா, பெறாமக்கள், மருமக்கள் (சகோதரங்களின் பிள்ளைகள்). மச்சான் மச்சாள் இல்லை, ஒன்றுவிட்ட சகோதரமும் இல்லை. "அண்ணா முறை" என்று சொல்லி வந்து நிற்பவர்கள் திரும்பிப் போவது இதனால்தான்.

அண்ணனுக்குப் பாதுகாப்புக் கிடைத்துவிட்டது, ஆகவே தம்பி வரலாம் போலத் தெரியும். இரண்டு விடயங்களைப் பார்த்தபின் மட்டும்.

முதலாவது, தம்பி அமெரிக்காவில் ஏற்கனவே அசைலம் கேட்டிருக்கிறாரா? 2019 திருத்தத்தின்படி, கனடாவோடு தகவல் பரிமாறும் நாட்டில் (அமெரிக்கா, பிரித்தானியா, அவுஸ்திரேலியா, நியூசிலாந்து) முன்பே கோரிக்கை வைத்தவரின் கோரிக்கை அகதிச் சபைக்குப் போகாது. அண்ணன் இருந்தாலும் போகாது. அவருக்கு மிஞ்சுவது நாடுகடத்தலுக்கு முந்திய ஆபத்து மதிப்பீடு. அதில் நேரடி விசாரணை உண்டு, ஆனால் சபையின் விசாரணைக்கு அது ஈடில்லை. கைரேகை அங்கே இருக்கும், மறைக்கமுடியாது.

இரண்டாவது, உறவை நிரூபிக்கும் பொறுப்பு தம்பியுடையது, அதுவும் எல்லையில் நிற்கும் அந்த நேரத்திலேயே. இருவரின் பிறப்புப் பத்திரங்களும், இரண்டிலும் தாய் தகப்பன் பெயர் ஒரே எழுத்தில், மொழிபெயர்ப்போடு. அண்ணனின் தீர்ப்பு அறிவித்தல் பிரதி. அண்ணன் தொலைபேசியை எடுக்கவேண்டும், அதிகாரி கூப்பிட்டுச் சகோதரங்களின் பெயர், தாயின் பெயர், ஊர் எல்லாம் கேட்பார். அண்ணனின் பி.ஓ.சியில் சகோதரங்கள் பட்டியலில் இந்தத் தம்பியின் பெயர் இருக்கிறதா என்றும் பார்ப்பார்கள். இன்றைக்கே பி.ஓ.சியைத் திறந்து பாருங்கள். எல்லையில் தகுதியில்லை என்று ஒருமுறை தீர்ந்துவிட்டால் பிறகு எத்தனை பத்திரம் கொண்டுவந்தாலும் இரண்டாம் கோரிக்கை வைக்க இடமில்லை.

எல்லாம் சரிவந்து உள்ளே வந்தாலும், அது கோரிக்கை வைக்க ஒரு கதவுதான். தன் அச்சத்தைத் தம்பி தானே நிரூபிக்கவேண்டும். அண்ணனுக்குக் கொடுத்தார்கள் என்பதால் தம்பிக்குக் கொடுக்கவேண்டும் என்று கனடாச் சட்டத்தில் இல்லை. அண்ணனின் பி.ஆர் விண்ணப்பத்திலும் தம்பிக்கு இடமில்லை.

---

பனங்கூடல்

பி.ஓ.சியில் தம்பியின் பெயர் இருக்கிறது, ஆனால் பிறந்த ஆண்டு ஒன்று பிசகு. அதையும் சட்டத்தரணியிடம் கொண்டுபோகும் பட்டியலில் போட்டுவிட்டேன். மன்னார்ப் பிள்ளையை எழுதுவதென்று அவர் ஒப்புக்கொண்டார். அடுத்த கிழமை சட்டத்தரணியைப் பார்க்கிறார்.

ஒரு சின்னக் கேள்வி. மனைவியின் கடவுச்சீட்டு வர நாளாகும் போல. குடும்பத்தவரின் பத்திரங்கள் எல்லாம் சேரும்வரை இவருடைய விண்ணப்பத்தைப் பிடித்து வைக்கவா?

---

தீவகம்47

பிடித்து வைக்கவேண்டாம். இவருடைய விண்ணப்பத்தில் எல்லாருடைய பெயரும் விபரமும் முழுதாக இருக்கவேண்டும், அதுதான் கட்டாயம். வெளிநாட்டில் இருக்கும் குடும்பத்தவரின் விண்ணப்பம், இவர் பி.ஆர் ஆன நாளிலிருந்து ஒரு வருடத்துக்குள் போய்ச்சேர்ந்தால் 176ஆம் விதியின்படி ஏற்பார்கள். பெயர் முதலில் இருந்தால் மட்டும்.

ஆனாலும் ஒரு வருடம் இருக்கிறது என்று ஆறப்போடாதீர்கள், முடிந்தவரை ஒன்றாகப் போனால் பரிசோதனைகளும் ஒன்றாக நடக்கும். 14 வயதுக்கு மேற்பட்டவர்களுக்குக் கைரேகை, 18க்கு மேற்பட்டவர்களுக்குப் பொலிஸ் சான்றிதழ். மருத்துவ முடிவு 12 மாதம்தான் செல்லும், ஆகவே அதைமட்டும் கடிதம் வருமுன் செய்யவேண்டாம்.

இடையில் ஏதாவது மாறினால், பிள்ளை பிறந்தால், திருமணம் நடந்தால், யாராவது இறந்தால், பி.ஆர் உறுதியாகும் முன்பே எழுதி அறிவிக்கவேண்டும். பி.ஆர் முடிக்கும் இணையத்தளத்தில் கடைசியாக ஒருமுறை குடும்ப நிலை மாறியதா என்று கேட்பார்கள். அந்தக் கேள்விக்கு யோசிக்காமல் "இல்லை" என்று அழுத்திவிட்டு, இரண்டு மாதத்துக்கு முன் பிறந்த பிள்ளையை விட்டவர்களும் 117இல்தான் போய் விழுகிறார்கள்.

இவருடைய பி.ஆர் உறுதிப்பத்திரம் வந்ததும் அதிலுள்ள திகதியை மனைவியின் கைபேசியிலும் குறித்துவைக்கச் சொல்லுங்கள். பதினோராம் மாதத்தில் ஒரு நினைவூட்டல் போடுங்கள். தளத்தில் அனுப்பியபின் வரும் பெற்றுக்கொண்ட அத்தாட்சியை அச்செடுத்துக் கோப்பின் முன்பக்கத்திலேயே வையுங்கள்.